கோயோக் என்று நினைத்து

அத்தியாயம் 14

வலியில்லாமல் கண் விழிப்பது எப்படி இருக்கும் என்பதே டோரதிக்கு ஒரு காலத்தில் மறந்து போயிருந்தது. மார்பில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிய பிறகு, புரண்டு படுத்தாலே உயிர் போய்த் திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விடியலுக்காகக் காத்துக் கிடந்த மனுஷி அவள். இப்போதோ, தோளுக்குக் கீழே ஒட்டியிருந்த ஒரு சின்னக் கண்ணாடித் தாள் போன்ற பேட்ச் அவளுக்கு உறக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அதனால் காலையில் எழுந்ததும் முதல் நன்றியை ஆண்டவருக்குச் சொன்னாள். அடுத்தது, வீடு தேடி வந்து பேட்ச் மாற்றிவிடும் நர்ஸ் மிஸ்ஸி அதிராவுக்கு. அதற்கும் அடுத்தது அந்தப் பேட்சுக்கே. இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவர் இல்லை ஆண்டவர்.

ஆனால் அன்றைக்கு வியாழக்கிழமை. நன்றியோடு சேர்ந்து நெஞ்சில் ஒரு பாரமும் ஏறி உட்கார்ந்திருந்தது. மகள் நடாஷா வரப்போகிறாள். வந்து, அண்ணன் ஜோனத்தனை வீட்டை விட்டு அனுப்பப் போகிறாள்.

விஷயம் அப்படி வந்து நின்றிருந்தது. போன ஞாயிறு சிம்பாங் அம்பாட்டிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்தவள், அலமாரியைத் திறந்து மருந்துகளைச் சரிபார்த்தாள். பேட்ச் ஒன்று குறைந்தது. மறுபடி பார்த்தாள்; மறுபடியும் குறைந்தது. அந்தக் கணமே அவள் கண் ஜோனத்தன் மேல் போய் விழுந்தது.

விழாமல் என்ன செய்யும்? ஜோனத்தன் இருபது வயதில் ஹெராயினிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை. அம்மாவின் சங்கிலி, அப்பாவின் கைக்கடிகாரம், தங்கையின் லேப்டாப் என்று ஒவ்வொன்றாக வீட்டை விட்டு நடந்து போனது அந்த நாட்களில்தான். இப்போது அவன் வேறு ஆள். தினமும் காலையில் கிளினிக்குக்குப் போய், அங்கே ஆள் பார்த்திருக்கவே, ஹெராயின் பழக்கத்தை விடக் கொடுக்கும் மெத்தடோன் சிரப்பைக் குடித்துவிட்டு, ஏர்கோன் சர்வீஸ் வேலைக்குப் போய்விடுவான். சில வருடங்களாக வேறு எதையும் தொடவில்லை. ஆனாலும் அம்மாவின் தோளில் ஒட்டியிருக்கும் பேட்சில் உள்ள மருந்து, அந்த ஃபென்டனில், ஹெராயினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதைவிடப் பல மடங்கு வீரியமான அண்ணன். அதையும் அவனையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ளலாமா?

"அவன் இருக்கணும், இல்ல மருந்து இருக்கணும். ரெண்டும் ஒரே வீட்ல இருக்க முடியாதும்மா. வியாழக்கிழமை லீவு போட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் நடாஷா.

"அப்ப மருந்தை எடுத்துட்டுப் போயிடு" என்று டோரதி சொல்லியிருக்கலாம். பெற்றவள் அதைத்தானே சொல்ல வேண்டும்? வாய் வரவில்லை. பேட்ச் இல்லாத இரவுகளை உடம்பு மறக்கவில்லை. அந்த வெட்கம்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது.

கூடத்தில் அவள் கட்டிலுக்கு எதிரே, சாய்வு நாற்காலியில், கணவர் வேதநாயகம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிறைத் தொழிற்பேட்டைக்கும் துறைமுகத்துக்கும் கண்டெய்னர் லாரி ஓட்டியே முதுகைத் தேய்த்தவர். காலையில் பாசார் சந்தைக்குப் போய்விட்டு வந்ததும், "முதுகு பிடிச்சுக்கிச்சு, டோரா," என்று முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே சுடுதண்ணிப் பையை வைத்துச் சாய்ந்தவர், அப்படியே அசந்துவிட்டார். அவருக்கு உலகத்தில் எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தான். கோயோக். மருந்துக்கடையிலும் பாசாரிலும் விற்கும் அந்த ஒட்டுப்பட்டையை முதுகுவலிக்கு முதுகில், தலைவலிக்கு நெற்றிப்பொட்டில், வயிற்றுவலிக்குத் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார். முப்பது வருடத் தாம்பத்யத்தில் டோரதி முகர்ந்த அத்தரும் ஜவ்வாதும் அந்தக் கோயோக் வாசம்தான்.

நடாஷா வந்தாள். கையில் அம்மாவுக்குப் பிடித்த அப்பம். சண்டைக்கு வந்தாலும் வெறுங்கையோடு வரத் தெரியாத பெண்.

"அப்பா என்ன, இந்த நேரத்துல தூங்கறாரு?"

"முதுகு வலிலா. படுக்கட்டும் விடு."

நடாஷா தன்னிடமிருந்த சாவியால் அலமாரியைத் திறந்தாள். இன்னொரு சாவி அப்பாவின் இடுப்பில் இருந்தது. அவரிடம் இருந்தால் பத்திரம் என்று ஞாயிற்றுக்கிழமை முடிவானது. பேட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, இன்னும் ரெண்டு காணோம்."

அந்த நேரம் பார்த்து ஜோனத்தன், அன்றைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கிளினிக்கிலிருந்து திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றினான். தங்கையின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்பா தூங்கும்போது இடுப்புலருந்து சாவியை எடுத்தியா?"

"நான் எடுக்கல, நடாஷா."

"பின்ன யாரு எடுத்தா? அம்மாவா? அப்பாவா?"

"எனக்குத் தெரியாது. நான் எடுக்கல."

"எத்தனை தடவை இதே மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கண்ணே! லேப்டாப் போனப்பவும் இதேதான் சொன்ன."

ஜோனத்தனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் டோரதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகப் பேசினான்.

"நீ சந்தேகப்படறது நியாயம். நான் சம்பாதிச்சு வச்ச பேரு அது. ஒண்ணு மட்டும் கேளு. மிஸ்ஸி வந்து அம்மாவுக்கு பேட்ச் மாத்தும்போது நான் வீட்ல இருந்து என்னைக்காவது பாத்திருக்கியா? இருக்க மாட்டேன். கீழ போயி மோட்டார் சைக்கிள் மேல உக்காந்திருப்பேன். மிஸ்ஸி போனப்புறம்தான் மேல ஏறுவேன். ஏன் தெரியுமா? பாத்தா ஆசை வரும். இன்னும் வரும். அதுக்குப் பயந்துதான்."

டோரதிக்கு இது புதுச்செய்தி. பேட்ச் மாற்றும் நாளெல்லாம் பிள்ளை எங்கே போய்விடுகிறான் என்று அவள் குறைப்பட்டதுண்டு. அம்மாவின் நோயைப் பார்க்க மனமில்லை போலும் என்று நினைத்திருந்தாள்.

"சரி, சண்டை வேணாம்," என்றான் அவன். "மருந்து இங்கயே இருக்கட்டும். அம்மாவுக்கு அது வேணும். நான் போறேன். கூட வேலை செய்யறவன் ரூம்ல இடம் இருக்கு."

"ஜோ, நில்லுடா!" டோரதி எழப் பார்த்தாள். முடியவில்லை. "அப்பா எந்திரிக்கட்டும். அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

உள்ளே போனவன் பையோடு வந்தான். ஒரு மனுஷனின் சாமான் இவ்வளவு சீக்கிரம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டதைப் பார்த்து அவளுக்கு அழுகை பீறிட்டது. நடாஷா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவளும் அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

"அப்பாகிட்ட சொல்லிட்டுப் போறேன்." ஜோனத்தன் நாற்காலிக்கு முன்னால் குனிந்தான். "அப்பா. அப்பா, நான் கிளம்பறேன்."

ஒரு குறட்டை, தொண்டையில் தண்ணீர் தேங்கியது போலக் களகளவென்று வந்தது. பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

ஜோனத்தனின் கையிலிருந்து பை விழுந்தது.

"இது தூக்கம் இல்ல," என்றான். அப்பாவின் இமையைத் தூக்கிப் பார்த்தான். கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. இப்படிப்பட்ட முகத்தை அவன் பார்த்திருக்கிறான். கூட உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்ட நண்பனின் முகம் அது. அந்த நண்பன் எழுந்திருக்கவில்லை.

"நடாஷா, 999 கூப்பிடு! மூச்சு நிக்குதுன்னு சொல்லு. ஃபென்டனில்னு சொல்லு. அந்தப் பேரை மறக்காம சொல்லு!"

"என்னண்ணே சொல்ற? அப்பாவுக்கு எப்படி..."

"கூப்பிடுலா மொதல்ல!"

அப்பாவைத் தரையில் இறக்கிப் பக்கவாட்டில் சாய்த்து, சட்டையைக் கிழித்தான். சுடுதண்ணிப் பையை எட்டித் தள்ளினான். முதுகு முழுக்கக் கோயோக். இடுப்பில் இரண்டு, தோளில் ஒன்று, நடுமுதுகில் குறுக்கே ஒன்று. அவற்றுக்கு நடுவே, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு கண்ணாடித் தாள் பளபளத்தது.

கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த டோரதிக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. அவளுடைய தோளில் இருப்பதும் அதுதானே.

ஜோனத்தன் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு அதை உரித்தான். உரித்ததைப் பார்க்காமலேயே தங்கை பக்கம் நீட்டினான். "வெறுங்கையால தொடாத. இப்படியே வாங்கி மடிச்சு, பழைய பேட்ச் போடற டின்னுக்குள்ள போடு. என் கையில வேணாம்."

நடாஷா தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டே வாங்கினாள். அவள் முகத்தில் அந்த நொடியில் என்னவோ உடைந்ததை டோரதி பார்த்தாள்.

"ஒண்ணுதானா? இன்னும் இருக்கா பாரு!" என்று கட்டிலிலிருந்து கத்தினாள் டோரதி. அவர் கோயோக் ஒட்டும் லட்சணம் அவளுக்குத் தெரியும். பழையதை எடுக்கவே மாட்டார். வீரியம் குறைந்துவிட்டது என்று பக்கத்திலேயே புதிதாக ஒன்றை ஒட்டுவார்.

ஜோனத்தன் ஒவ்வொரு கோயோக்காகப் பிய்த்தான். குறுக்கே ஒட்டியிருந்ததற்கு அடியில் இரண்டாவது பேட்ச் இருந்தது.

அதற்குப் பிறகு அவன் அப்பாவை மல்லாக்கத் திருப்பி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து ஊதினான். நெஞ்சு எழுந்து தாழ்ந்தது. மறுபடி ஊதினான். பிள்ளை அப்பாவுக்கு முத்தம் கொடுத்தே பல வருடம் ஆகியிருக்கும். டோரதி ஜெபம் சொல்லப் பார்த்தாள். ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. "என்னங்க, மூச்சு விடுங்க. என்னங்க, மூச்சு விடுங்க," என்பதுதான் அன்றைக்கு அவளுடைய ஜெபமாக இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஓர் ஊசி போட்டார்கள். வேதநாயகம் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர் போல ஒரு பெருமூச்சு இழுத்து, கண் திறந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, "என் சட்டையை யாரு கிழிச்சது?" என்று கேட்டார்.

டோரதி அழுதுகொண்டே சிரித்தாள். அந்த மனுஷனின் அதட்டல் அவள் காதுக்கு இவ்வளவு இனிப்பாக ஒருநாளும் இருந்ததில்லை.

மாலை ஜி.எச்.சில் பார்வையாளர் நேரம். நடாஷா அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். "நாளைக்குப் போகலாம்மா," என்று சொல்லிப் பார்த்தாள், டோரதி கேட்கவில்லை.

டாக்டர் ஹக்கீம் இளைஞர், பொறுமைசாலி. ஊசி எழுப்பிவிட்டது உண்மைதான், ஆனால் அதன் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், தோலுக்கு அடியில் தேங்கிய மருந்தோ இன்னும் இரத்தத்தில் இறங்கிக்கொண்டிருக்கும், அதனால் நாளைவரை கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினார். வலிக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை ஏற்றிப் பழகிய உடம்புக்கு இது வரம். பழகாத உடம்புக்கு இதில் ஒன்றே ஆபத்து. இரண்டை ஒட்டி, மேலே சூடும் வைத்தால், மருந்து வேகமாக உள்ளே பாயும். ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சு ஊதியது யார் என்று கேட்டார்.

"எங்க அண்ணன்," என்றாள் நடாஷா. அந்தச் சொல்லை அவள் இவ்வளவு உரக்கச் சொல்லி டோரதி கேட்டதில்லை.

வேதநாயகம் கட்டிலில் பாதி சாய்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையனின் முழி. ஜோனத்தன் கால்மாட்டில் நின்றிருந்தான்.

"கோயோக்னுதான் நெனச்சேன், டோரா," என்று அவரே ஆரம்பித்தார். "உன்னைத் தூக்கி பாத்ரூமுக்குக் கொண்டு போறப்ப முதுகு பிடிச்சுக்கிச்சு. நம்ம கோயோக் கேக்கல. உன்னோடது நல்ல ஸ்ட்ராங் கோயோக்னு நெனச்சு ஒண்ணு எடுத்தேன். முழுங்கறதுன்னாதான் பயப்படணும். தோலுக்கு மேல ஒட்டறது என்ன செய்யும்?"

"ஞாயித்துக்கிழமை வீடே ரெண்டு பட்டுச்சு. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்றாள் டோரதி.

"மருந்து காணோம்னுதானே சத்தம் போட்டா? சிரப்பு, மாத்திரைன்னு நெனச்சேன்."

டோரதி அவர் முகத்தையே பார்த்தாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு, அவர் சொல்வதில் எது பாதி, எது முழுசு என்று தெரியாதா?

"முழுசாச் சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"மொத தடவை ஒட்டுனப்ப வலி மட்டும் போகல, டோரா. எல்லாமே போச்சு. நீ போயிட்டா நான் என்ன செய்வேன்னு தெனம் எந்திரிக்கும்போதே ஒரு பயம் வரும்ல, அதுகூடப் போச்சு. என் ஆயுசுக்கும் நான் அவ்வளவு நிம்மதியா உக்காந்தது இல்ல. அப்பவே தெரிஞ்சுது, இது கோயோக் இல்லன்னு. ஆனா யார்கிட்டயும் கேக்கல. கேட்டா அடுத்தது குடுக்க மாட்டீங்கல்ல? ஞாயித்துக்கிழமை இவனைத் திட்டுறப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

டோரதிக்கு அவர் மேல் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்தது. கூடவே, அந்த நிம்மதி எப்படிப்பட்டது என்று தனக்கும் தெரியும் என்பதால், கோபம் நிற்க இடமில்லாமல் போனது.

"எனக்கும் மொத தடவை அப்படித்தான்ப்பா இருந்துச்சு," என்றான் ஜோனத்தன்.

வேதநாயகம் மகனை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியாடா? இதையா நீ விட்டுட்டு வந்த?"

"தெனமும் விட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர் கையை நீட்டினார். பிள்ளை வந்து பற்றிக்கொண்டான். "உன்னை முதுகெலும்பு இல்லாதவன்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்," என்றார் அவர்.

டோரதி மகனின் மறுகையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "உன் அப்பாவை எனக்குத் திருப்பிக் குடுத்துட்டடா. மருந்தை எடுத்துட்டுப் போன்னு நான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும். வாய் வரல."

"சொல்லியிருந்தா நான்தான்மா உங்ககூட சண்டை போட்டிருப்பேன். உங்களுக்கு அது வேணும். நீங்க நல்லாத் தூங்கணும்."

நோய் வந்த நாளிலிருந்து, நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன் என்று அவள் கேட்காத நாளில்லை. இன்றைக்கு அந்தக் கேள்வி எழவில்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பெற நான் என்ன புண்ணியம் செய்தேன் என்றுதான் தோன்றியது.

நடாஷா மூக்கை உறிஞ்சினாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. "உன் பை ஹால்லயே கெடக்கு," என்றாள் அண்ணனிடம். "வரும்போது உன் ரூம்ல கொண்டுபோய் வச்சுட்டேன். துணியெல்லாம் மடிச்சு அடுக்கிட்டேன். அடுக்கி வைக்கவே தெரியாதா உனக்கு?"

"ஹால்ல கெடக்குதா, ரூம்ல இருக்கா?"

"ரூம்லதான்! சும்மா இருலா."

எல்லோரும் சிரித்தார்கள். வேதநாயகமும் சிரித்தார். சிரித்தபடியே, மனசாரச் சொன்னார்:

"நல்ல வேளை, ராமசாமிக்கு ஒண்ணுதான் குடுத்தேன்."

சிரிப்பு நின்றது.

"யாருக்கு?" என்றான் ஜோனத்தன்.

"நம்ம ராமசாமிடா, என்கூட லாரி ஓட்டுனவன். காலையில பாசார்ல பாத்தேன். முட்டி வலி உயிர் போகுதுன்னான். எனக்குன்னு பாக்கெட்ல ஒண்ணு வச்சிருந்தேன். நமக்கு ஒரு நல்ல கோயோக் கெடச்சா கூட்டாளிக்கு ஒண்ணு குடுக்க மாட்டோமா? வீட்டுக்குப் போனதும் ஒட்டிக்கிறேன்னான்."

டோரதிக்கு ராமசாமியைத் தெரியும். ஜெலுத்தோங் பிளாட்டில் தனியாக இருப்பவர். மனைவி இல்லை, மகள் கோலாலம்பூரில். கதவைத் தட்டிப் பார்க்க ஆள் கிடையாது. அவரும் வலித்த இடத்தில் சுடுதண்ணிப் பை வைக்கிற மனுஷன்தான்.

ஜோனத்தன் அப்பாவின் கைப்பேசியில் எண்ணைத் தேடி அழுத்தினான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினான்.

"காலையிலதானே ஒட்டியிருப்பாரு. மெதுவாத்தான் ஏறும். இன்னும் நேரம் இருக்கு," என்றான். ஆனால் அவன் முகம் வெளுத்திருந்தது. "அம்மா, இந்தாங்க, நீங்க விடாம போன் அடிச்சுக்கிட்டே இருங்க. போனை எடுத்தா, அந்தப் பேட்சைப் பிய்ச்சு எடுக்கச் சொல்லுங்க, தூங்க விடாதீங்க. நடாஷா, 999ல அட்ரஸ் சொல்லு. அப்புறம் நீ அங்க போயி..."

"நான் போறதா?" நடாஷா கைப்பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து அண்ணனின் உள்ளங்கையில் அழுத்தினாள். வீட்டுச் சாமான் எதையும் அவன் கைக்கு எட்டாமல் வைத்தே இத்தனை வருடம் பழகிய பெண் அவள். "எதைப் பாக்கணும், எப்படி மூச்சு ஊதணும், எனக்கு என்ன தெரியும்? நீதான்ண்ணே வரணும். நீ ஓட்டு, நான் போன் பேசறேன். வா!"

இருவரும் வார்டு நடைபாதையில் ஓடினார்கள். டோரதி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து ஓடுவதைக் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.